பிரேக் மிதித்தவள்

சனி, ஞாயிறு ஆனால் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு என் வீட்டுக்காரர் தாசையனுடையவை. இரண்டு அவருடைய கூட்டாளி தளவாயுடையவை. மீதி உடம்பெல்லாம் வண்டிக்கு அடியில். சாப்பாடு ஆயிற்று என்பதை நான் அந்தக் கால்களிடம்தான் சொல்வேன். சில நேரம் பதில் வரும், பல நேரம் வராது.

வண்டி என்றால் ஷோரூமில் வாங்குகிற வண்டி இல்லை. மேலே கூரை கிடையாது, இரண்டு பேர்தான் உட்காரலாம், மூக்கு மட்டும் இங்கிருந்து ஆரியசாலை வரைக்கும் நீளும். வெள்ளைக்காரன் ஒரு காலத்தில் ஓட்டிய ரோட்ஸ்டர் ஒன்றின் நகல். ஃபைபர் உடல் கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்தது. அடிச்சட்டம் இவர்களே இரும்புக் குழாயை வெட்டி வெல்டிங் வைத்தது. எஞ்சின், சக்கரம், பிரேக் எல்லாம் ஓடி ஓய்ந்த ஒரு பழைய மாருதியிலிருந்து கழற்றியவை. தாசையனுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை, தளவாய்க்குச் சாலைக் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை. மற்ற நாட்களில் இரண்டு பேரும் மரியாதையான மனிதர்கள்.

எனக்கு அந்த வண்டியைக் கண்டால் ஆகாது. அதை நான் மறைத்ததும் இல்லை. அது ஷெட்டைப் பிடித்துக்கொண்டதால் என் ஸ்கூட்டர் வருஷக்கணக்கில் மழையில் நனைந்தது. ஆனாலும் பிரேக் வேலை வந்தபோது இவர்களுக்கு என் கால் தேவைப்பட்டது.

பிரேக் குழாய்க்குள் ஆயில் ஊற்றினால் கூடவே காற்றும் புகுந்துவிடும். அதை வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்தின் அருகே இருக்கும் சின்ன நிப்பிளைத் திறப்பார். ஆயிலும் குமிழியும் வெளியே வரும். மூடிய பிறகு காலை எடுக்கலாம். மறுபடி முதலிலிருந்து. தளவாய் நிப்பிளைத் திறக்க, தாசையன் ஆயில் ஊற்ற, கால் என்னுடையது. "சவிட்டு", "பிடி", "விடு" என்று அடியிலிருந்து கட்டளை வரும், நான் மிதிப்பேன், பிடிப்பேன், விடுவேன். காற்று முழுக்கப் போய்விட்டால் பெடல் கல் போல நிற்கும், அதுதான் அடையாளம் என்று எனக்குச் சொல்லித் தந்ததே தளவாய்தான்.

கல் போல அது ஒருநாளும் நிற்கவில்லை. ஊறின ரொட்டியை மிதித்த மாதிரி உள்ளே போனது.

"இது இன்னும் தாழ்ந்து போவுது," என்றேன்.

"குமிழி ஒண்ணும் வரல்ல மைனி," என்றார் தளவாய் அடியிலிருந்து. "வெறும் ஆயிலுதான் வருது. காத்து தீந்தாச்சு."

"தீரல்ல. எனக்க காலுக்குத் தெரியாதா?"

"உனக்க காலுக்கு ஸ்கூட்டர் பிரேக்கே தெரியாது," என்றார் தாசையன். "ரெண்டு மூணு வாட்டி சவிட்டினா பிடிக்குதுல்லா? அது போதும். புது வண்டி, ஓட ஓட செரியாவும்."

ஓட ஓடச் சரியாக அது என்ன புதுச் செருப்பா? கேட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இந்தச் சிரிப்போடு போயிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஆனால் முதல் சவாரி எங்கள் மகள் ஜெஸிக்கு என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே மகள், காலேஜில் கடைசி வருஷம். எங்கள் வீடு கரமனை தாண்டிப் பாப்பனங்கோடு போகிற வழியில், ஒரு சந்தின் உச்சியில் இருக்கிறது. கேட்டைத் தாண்டினால் நேர் சரிவு. சரிவு முடிகிற இடத்தில் மெயின் ரோடு. அங்கே பஸ்கள் யாருக்காகவும் வேகம் குறைப்பதில்லை. வண்டிக்கு நம்பரும் இல்லை, அனுமதியும் இல்லை, அதனால் ரோட்டில் ஏற மாட்டேன், சரிவின் அடிவரை இறங்கித் திருப்பிக்கொண்டு வந்துவிடுவேன் என்பது அவர் திட்டம். கைபிரேக் கேபிள் இன்னும் வந்து சேரவில்லை. ஆக, அந்தச் சரிவில் என் மகளின் உயிரைப் பிடித்து நிறுத்த இருந்தது அந்தப் பெடல் ஒன்றுதான்.

எங்கள் சபைக்காரர்கள் புது வண்டி எடுத்தால் போதகர் வந்து ஜெபிக்காமல் வெளியே இறக்க மாட்டார்கள். தாசையன் போதகரை ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வரச் சொல்லிவிட்டார். இத்தனை நாள் இந்த வண்டியைக் கேலி செய்த பக்கத்து வீட்டுக்காரர்களையும் வீடு வீடாகப் போய் அழைத்திருந்தார். அன்று காலை அடுக்களையில் மறுபடியும் சொல்லிப் பார்த்தேன்.

"ஜெபம் நடக்கட்டும். வண்டிய அடுத்த வாரம் இறக்குங்க. ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டு வந்து காட்டுங்க."

"மெக்கானிக்கா? இத செஞ்சது ஆரு?" அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினார், என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஆளுகள விளிச்சு வச்சிட்டு வண்டி எடுக்கல்லன்னு சொல்லச் சொல்லுதியா? எனக்க மானத்த வாங்காத ஷீலா."

அதற்கு மேல் பேசினால் சண்டையாகும் என்று வாயை மூடிக்கொண்டேன். சபையில் பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. பாடும்போதும் வலது காலால் தரையை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் முற்றம் நிறைய ஆட்கள். ஷெட்டில் நின்ற வண்டியின் கரும்பச்சை மேனியில் முகம் பார்க்கலாம், அப்படித் தேய்த்து மினுக்கியிருந்தார். போதகர் வருவதற்குள் தளவாய் நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டார். போதகர் பார்த்தார், பார்க்காதது போல வேதப்புத்தகத்தைத் திறந்தார். நல்ல மனிதர். ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. ஆமென் சொன்னதும் ஜெஸி கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு சீட்டை நோக்கி வந்தாள்.

நான் அவளை முந்திக்கொண்டு போய், சேலையைச் சுருட்டிப் பிடித்து, ஓட்டுகிற சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

"அம்மா, இதெந்தா?" என்றாள் ஜெஸி.

தாசையன் பக்கத்தில் குனிந்தார். உதடு அசையாமல் பேசினார். "இறங்கு. ஆளுக பாக்குதாவ."

"பாக்கட்டும்."

"ஷீலா, இறங்குன்னு சொன்னேன்."

"எஞ்சின் வேண்டாம். இந்த ஆம்பிளைக எல்லாம் சேந்து ஷெட்டுல இருந்து தள்ளட்டும். கேட்டுக்கு முன்ன நான் பிரேக்கு சவிட்டுவேன். வண்டி நின்னா நானே இறங்கிப் பிள்ளய ஏத்தி விடுதேன். அதுவரைக்கும் இறங்க மாட்டேன்."

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவரை நாலு பேர் முன்னால் எதிர்த்தது அன்றைக்குத்தான். அவர் கையைப் பிடித்து இழுத்துவிடுவாரோ என்று பயந்தேன். இழுத்திருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன், ஸ்டியரிங்கை அப்படிப் பிடித்திருந்தேன்.

போதகர்தான் தொண்டையைச் செருமினார். "தள்ளித்தான் பாருங்களேன் தாசையன். அம்மாவுக்கு ஒரு சமாதானம்."

ஷிபு, பக்கத்து வீட்டுப் பையன், சிரித்துக்கொண்டே பின்னால் போய் நின்றான். தளவாயும் போனார். தாசையன் கடைசியில் போனார். ஜெஸி கோபித்துக்கொண்டு கேட்டுப் பக்கம் நடந்ததை மட்டும் பார்த்தேன்.

"சேச்சி, ரெடியாணோ?" என்றான் ஷிபு.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. வண்டி நகர்ந்தது. முற்றம் பார்வைக்குச் சமதளம்தான், ஆனால் கேட்டை நோக்கி லேசாகத் தாழ்கிறது என்பது சக்கரம் உருண்டபோதுதான் தெரிந்தது. மூன்று ஆண்கள் தள்ளுகிற தள்ளு வேறு. தாசையன் கோபத்தையெல்லாம் கையில் வைத்துத் தள்ளியிருக்க வேண்டும். செம்பருத்திச் செடி தாண்டியதும் அவர்கள் கையை விட்டார்கள். நான் மிதித்தேன்.

பெடல் தரை வரைக்கும் போனது. வண்டி கேட்கவே இல்லை. காலை எடுத்து மறுபடி மிதித்தேன். ஏதோ லேசாகப் பிடித்தது போல இருந்தது, அதுவும் வழுக்கிப் போனது. நிமிர்ந்து பார்த்தால் திறந்த கேட்டின் நடுவில் ஜெஸி, வீடியோ எடுக்க போனைத் தூக்கிப் பிடித்தபடி. அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வண்டியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் சரிவு.

மூன்றாவது முறை மிதிக்க நேரம் இல்லை. ஸ்டியரிங்கை ஒரேயடியாக இடது பக்கம் ஒடித்தேன். வண்டி மதிலில் போய் முட்டியது. ஃபைபர் உடைகிற சத்தம் தேங்காய் உடைக்கிற சத்தம் போலத்தான் இருந்தது. என் முழங்கால் எதிலோ இடித்து வலியில் உயிர் போனது.

எல்லாரும் ஓடி வந்தார்கள். தாசையன்தான் முதலில் வந்தார். வந்தவர் நேரே வண்டியின் மூக்குப் பக்கம் போனார். பிளந்து தொங்கிய ஃபைபரைக் கையில் தாங்கிப் பிடித்து, "போச்சே, எல்லாம் போச்சே," என்றார்.

அந்த நிமிஷம் எனக்கு வந்த ஆத்திரம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ஆனால் மெதுவாகத்தான் சொன்னேன். "இஞ்ச வாங்க. வந்து கைய வச்சு இத அமத்துங்க."

அவர் வரவில்லை. போதகர் அவர் தோளைத் தொட்ட பிறகு வந்தார். என் காலருகே மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டுப் பெடலை அழுத்தினார். கையாலேயே அது தரையில் போய் ஒட்டியது. எடுத்தார். மறுபடி அழுத்தினார். மறுபடியும் தரை. அப்புறம் தலையைத் திருப்பி ஜெஸியைப் பார்த்தார். அவள் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள், முகம் வெளுத்திருந்தது.

தளவாய் அதற்குள் முன் சக்கரத்தைக் கழற்றத் தொடங்கியிருந்தார். சக்கரம் வந்ததும் உள்ளே எட்டிப் பார்த்தவர், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி," என்றார். "நிப்பிளு கீழ கெடக்கு. மேல இருக்கணும். காத்து மேலல்லா போய்த் தங்கும், கீழ தொறந்தா ஆயிலு மட்டும்தான் வரும்."

"அதெப்பிடி? மேல பாத்துத்தானே மாட்டினோம்?"

"மாட்டினப்ப சட்டம் தலகீழாக் கெடந்துச்சு. அடியில பெயிண்ட் அடிக்கதுக்குக் கவுத்துப் போட்டோம்லா, காயட்டும்னு விட்ட நேரத்துல அப்பிடியே வச்சுத்தான் ரெண்டு பக்கத்துப் பிரேக்கையும் மாட்டினோம். வலதுல இடது, இடதுல வலது. நிமித்தினப்ப எல்லாம் தலகீழாப் போச்சு. ரெண்டு பேருக்கும் கண்ணு தெரியல்ல."

கூட்டத்தில் யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். கீழே மெயின் ரோட்டில் ஒரு பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. தாசையன் எழுந்து கேட்டுக்குப் போனார். ஜெஸி நின்ற இடத்தில், அவளுக்குப் பக்கத்தில் நின்று, சரிவின் அடிவரை பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவள், "அப்பா, எனக்கு ஒண்ணும் ஆகல்ல," என்றது எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டதா தெரியவில்லை.

திரும்பி வந்தபோது உடைந்த மூக்கைக் கடந்துதான் வந்தார், அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் இன்னும் சீட்டில்தான் இருந்தேன், முழங்காலை மடக்க முடியவில்லை. கதவில்லாத அந்தப் பக்கத்தில் கையை ஊன்றி நின்றார்.

"நீ அத்தற தடவ சொன்ன பிறவும்," என்றார். "நான் அவள இதுல இருத்தி இறக்கியிருப்பேன், ஷீலா."

இல்லை என்று நான் சொல்ல வேண்டுமென்று அவர் கண் கெஞ்சியது. அது எனக்குப் புரியாமல் இல்லை.

"ஆமா," என்றேன். "இறக்கியிருப்பீங்க."

அக்கம்பக்கத்தார் முன்னாலும் போதகர் முன்னாலும் மகள் முன்னாலும் அவர் விக்கி விக்கி அழுதார். நான் சமாதானம் சொல்லவில்லை.