செடிக்கு ஒரு செம்பு

தீபாவளி முடிந்த நாலாம் நாள், எதிர் மாடிகூடக் கண்ணுக்குத் தெரியாதபடி தில்லியில் புகை இறங்கியிருந்தது. அன்று காலை ராஜேஷ்வர் தயாள் மாத்தூரின் சம்பந்தி பைத்யநாத் ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் சுமந்துகொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். உள்ளே காற்றைச் சுத்தப்படுத்தும் இயந்திரம். அவர் மகள் கௌமுதி, மாத்தூரின் மருமகள், ஐந்து மாதக் கர்ப்பிணி; இருமல் வேறு.

மாத்தூர் பெட்டியைத் தொடவில்லை. முப்பத்தாறு வருஷம் ரயில்வேயில் அதிகாரியாக இருந்தவர். தன் வீட்டுக் காற்று சரியில்லை என்று பெண் கொடுத்தவர் வந்து சொல்வதா?

"பைத்யநாத்ஜி, எங்க வீட்டு மருமக மூச்சு விடறதுக்கு உங்க வீட்டுலேருந்து மிஷின் வர வேண்டியதில்ல."

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்திஜி. அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே நெஞ்சு கொஞ்சம்..."

"அதைக் கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

பைத்யநாத் எழுந்துகொண்டார். பெண் கொடுத்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்ற வழக்கத்தை விடாதவர் அவர். காய்ந்த தொண்டையோடு பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கினார். கதவருகே நின்றிருந்த கௌமுதி விலகி வழிவிட்டாள்.

அன்று மாலையே மாத்தூர் நர்சரிக்குப் போனார். காற்றைச் சுத்தமாக்கும் செடிகள் என்று தோட்டக்காரர் பூரேலால் காட்டியதில் ஸ்நேக் பிளான்ட் நாலு, மணி பிளான்ட் ஆறு, அரிகா பனை இரண்டு என்று பொறுக்கி எடுத்தார். பன்னிரண்டு தொட்டிகளும் கௌமுதியின் அறைக்குப் போயின. கணவன் வெளியூரில் வேலையில்; அவள் வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பவள். புகைக்குப் பயந்து ஜன்னல் எப்போதும் சாத்தியே இருக்கும்.

அன்றிலிருந்து தினமும் குளித்து, பால்கனித் துளசிக்குச் செம்பில் தண்ணீர் வார்த்த கையோடு, உள்ளே வந்து பன்னிரண்டு தொட்டிக்கும் ஆளுக்கொரு செம்பு வார்த்தார். ஒருநாள் தவறவில்லை. பார்க்க வருகிறவர்களை எல்லாம் அந்த அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார்.

"மிஷின் எதுக்கு? இதுங்களுக்குக் கரன்ட் பில் உண்டா?"

இருமல் மட்டும் குறையவில்லை. மூன்றாவது வாரம் அது இழுப்பாக மாறியது. சாப்பாட்டு மேஜையில் கௌமுதி முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமியபோது மாத்தூர் சொன்னார்: "எங்க குடும்பத்துல ஏழு தலைமுறையா யாருக்கும் நெஞ்சுக் கோளாறு கிடையாது."

"ஆமா பாபுஜி," என்றாள் கௌமுதி.

ஸ்நேக் பிளான்டின் இலைகள் அடியில் கொழகொழத்து மஞ்சளாகிச் சாய்ந்தபோது, பூரேலாலைக் கூப்பிட்டு அழுகல் செடியை விற்றுவிட்டாய் என்று அதட்டினார். பூரேலால் குந்தி உட்கார்ந்து ஒரு தொட்டியை நகர்த்தினார். அடித்தட்டில் தண்ணீர் தேங்கி நாறியது. அதற்குப் பின்னால் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சணம். மண்மேல் வெள்ளையாகப் பஞ்சு பூத்திருந்தது.

"தினமும் தண்ணி ஊத்தறீங்களா சாஹப்?"

"ஒரு செம்பு. துளசிக்கு வார்க்கிற மாதிரி."

"துளசி வெளியில வெயில்ல நிக்குது. இது மூடின ரூம். பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை, விரலை விட்டுப் பார்த்து, மண்ணு காஞ்சிருந்தா ஊத்தணும். இந்தப் பூஞ்சணத்தை மூச்சுல இழுத்தா நல்ல நெஞ்சே தாங்காது." கொஞ்சம் தயங்கினார். "உங்க மருமக பஹூஜிகிட்டப் போன வாரமே சொன்னேனே. அவங்கதான் கடைக்கு வந்து கேட்டாங்க. சாஹப்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, அவர் ஆசையா வளர்க்கிறார்னு சொன்னாங்க."

மாத்தூர் அப்போதுதான் மேஜைக்கடியில் இருந்த வினிகர் புட்டியையும் கறுத்துப்போன துணியையும் பார்த்தார். தான் நடைப்பயிற்சிக்குப் போகும் நேரத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவள் அந்தச் சுவரைத் துடைத்திருக்கிறாள். அவர் திரும்பி வந்து விருந்தாளிகளுக்கு அறையைக் காட்டியிருக்கிறார்.

கௌமுதி வாசற்படியில் நின்றாள்.

"ஏன் சொல்லலை?"

"நாலு பேர்கிட்டப் பெருமையா சொல்லிட்டிருந்தீங்க பாபுஜி."

அவர் முகம் கொதித்தது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உதவ வந்த பூரேலாலைத் தடுத்து, பன்னிரண்டு தொட்டிகளையும் தானே ஒவ்வொன்றாகப் பால்கனிக்குச் சுமந்தார். தன் அறையைக் காலி செய்து அவள் படுக்கையை அங்கே மாற்றினார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு மெட்ரோ ஏறிக் காஜியாபாத்தில் இருந்த சம்பந்தி வீட்டுக்குப் போனார்.

கதவைத் திறந்த பைத்யநாத் பதறிப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறார். சம்பந்தியம்மாள் சமோசாவும் டீயும் கொண்டுவந்து வைத்தாள். மாத்தூர் உட்காரவில்லை.

"சொல்ல வந்ததை முதல்ல சொல்லிடறேன். அவ இருமலுக்குக் காரணம் உங்க வீட்டு நெஞ்சு இல்ல. என் கை. அன்னிக்கு நான் பேசினது தப்பு. அந்த மிஷினைத் தரணும். நானே தூக்கிட்டுப் போறேன்."

பைத்யநாத் உள்ளே போய்ப் பெட்டியோடு வந்தார். அன்று கட்டியிருந்த கயிறுகூட அவிழ்க்கப்படவில்லை. அதை மாத்தூரின் காலடியில் வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் கேட்டார்:

"அதை விடுங்க சம்பந்திஜி. ராத்திரி தூங்கறாளா?"

இருபது நாளாக அடுத்த அறையில் படுத்திருந்த மாத்தூருக்கு அது தெரியவில்லை. குனிந்து பெட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். டீயில் ஆடை படிந்தது.