காஜா பெராங்கில் ஒரே ஒரு காகம்

1

இது கதையாக வேண்டியதே இல்லை. எங்கள் சங்கத்தார் மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதற்கு "என் வீட்டுத் தோட்டத்தில் கோடை" என்று நான் ஒரு கட்டுரை தருவேன் என என் கணவர் கணேசமூர்த்தி வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எந்நேரமும் சன்னல்கிட்டதான ஒக்காந்திருக்க சீதா. பாக்கறத அப்படியே எழுதிரு, முடிஞ்சுச்சு."

முடிஞ்சுச்சாம். முதலில், மலாக்காவில் கோடை ஏது? மழை பெய்யாமல் நாலு வாரம் போனால் அதற்குக் கோடை என்று நாமாகப் பெயர் வைத்துக்கொள்கிறோம். ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் நாள்காட்டியையும் கூடவே தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"ரம்புத்தான் பழுக்கும் காலம். அணில்கள் பாதி தின்று பாதி போடுகின்றன. தண்ணீர்த் தொட்டியில் கொண்டைக்குருவிகள் வரிசை பிடித்துக் குளிக்கின்றன. ஒன்று குளிக்கும்வரை மற்றது பொறுமையாக நிற்கிறது. பசார் மீன்கடையில் நம்மவர்கள் நிற்கும் அழகை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வெயில் ஏறியதும் சாக்கடை ஓரமாக உடும்பு வரும். மலாய்க்காரர்கள் பியாவாக் என்பார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர் வாடகை வீட்டைப் பார்வையிட வருவதுபோல நிதானமாக நடந்து..."

நன்றாகத்தான் இருந்தது. எனக்கே பிடித்தது. ஆனால் பார்ப்பதையெல்லாம் எழுதப்போனால் செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கமும் கண் போகிறது. அங்கே அழகம்மை இருக்கிறாள்.

[அவளுடைய உண்மைப் பெயர் அது இல்லை. அவள் வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள், எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியும்.]

3

அழகம்மையின் கணவன் சோலையப்பன். ஜப்பான்காரன் காலத்தில் அவனைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் சிலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. சோலையப்பனைப் பற்றி இருக்கிறான் என்றோ இல்லை என்றோ ஒரு சேதியும் வரவில்லை. அதனால் அவள் பொட்டை அழிக்கவில்லை. திதியும் கொடுக்கவில்லை.

இப்போது கருணாகரன் என்று ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்கிறார். பஸ்ஸில் டிக்கெட் சோதிக்கிறவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். அவளுக்கும் விருப்பம் உண்டு. அவர் வரும் நாள்களில் அவள் குரல் வேலி தாண்டி வேறு மாதிரிக் கேட்கும். ஆனால் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். அவள் வாயால் சொன்னதையே எழுதுகிறேன்:

"அமாவாசைக்கு அவர் பேர்ல இலை போடறேன் சீதா. காக்கா வந்து எடுத்துச்சின்னா அவரு போய்ட்டாருன்னு ஒத்துக்கறேன். எடுக்கலன்னா இருக்காரு. இருக்கற மனுசனுக்குப் பொண்டாட்டி நான். அவ்ளோதான்."

ஆனி அமாவாசை அன்று உச்சி வெயிலில் மதில்மேல் இலை விரித்தாள். சோறு, பருப்பு, அவனுக்குப் பிடித்த பாகற்காய்ப் பொரியல். "கா, கா" என்று தொண்டை வறளக் கூப்பிட்டாள். மைனா வந்தது. அணில் வந்தது. கடைசியில் உடும்பு வந்து இலையைக் கீழே இழுத்துப் போட்டு மிச்சத்தையும் தின்றுவிட்டுப் போனது. காகம் வரவில்லை.

அவள் அழுதாளா சிரித்தாளா என்று எனக்கு இங்கிருந்து தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

யாருக்கும் அப்போது ஒரு விஷயம் உறைக்கவில்லை. எனக்குமே இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் காஜா பெராங் பகுதித் தோட்டங்களில் நான் காகத்தைப் பார்த்ததே இல்லை.* காகத்துக்குச் சோறு வைக்கும் வழக்கம் கப்பலேறி வந்துவிட்டது. காகம் வரவில்லை.

*கிள்ளானில் உண்டு. அங்கே அவையும் கப்பலில் வந்தவை என்று பேச்சு. நம்மைப் போல.

4

இங்கே கட்டுரை செத்தது, கதை பிறந்தது. கதை என்றால் சிலதைச் சேர்க்கத்தான் வேண்டும். அந்தத் தோட்டத்தில் சோலையப்பன் இல்லை என்பது வாசகருக்குக் கண்ணில் படவேண்டும் என்று நினைத்து இப்படி ஒரு வரி சேர்த்தேன்:

"துணி காயும் கொடியில் சோலையப்பனின் வெள்ளைச் சட்டை தொங்கியது."

அடுக்களை மேசையில் உட்கார்ந்து, ஒரு செவ்வாய்க்கிழமை, என் சொந்த மூளையிலிருந்து எழுதிய வரி. புதன்கிழமை காலை சன்னலைத் திறந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை தொங்கியது.

போய்க் கேட்டேன்.

"அவரு சட்டதான்" என்றாள் அழகம்மை. "வெள்ளிக்கு வெள்ளி தொவச்சுப் போடுவேனே. இந்தத் தடவ கைப்பக்கம் தேன்சிட்டு கூடு கட்டிருச்சு. எடுக்க மனசு வரல, அப்படியே வுட்டுட்டேன். எத்தன நாளா தொங்குது, நீ பாக்கலியா?"

எந்நேரமும் சன்னலில் இருப்பவள் நான். பார்க்கவில்லை.

[என் கணவர் சொல்கிறார்: பார்த்திருப்பாய், மறந்திருப்பாய், பிறகு கற்பனை என்று நினைத்துக்கொண்டாய். இருக்கலாம். அவர் சொல்வது எப்போதும் இருக்கலாம் என்பதாகவே இருக்கிறது.]

கூடு நிஜம்தான். இடது கையின் முழங்கைப் பக்கம் நாரும் சிலந்தி நூலுமாகத் தொங்கியது. தாய்க்குருவி உள்ளே இருந்து மூக்கை மட்டும் நீட்டும். கூட்டின் எடையில் அந்தக் கை மட்டும் சற்றே மடங்கி இருந்தது. வலது கை நேராகத் தொங்கியது. வெயில் சாயும்போது பார்த்தால் புல்லில் ஒரு ஆளின் நிழல் கிடக்கும். கொண்டைக்குருவிகள் அந்த நிழலைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். உடும்புகூட அதை மிதிப்பதில்லை.

[குருவிகள் நிழலைச் சுற்றிப் போயின என்பதை எழுதிவிட்டுப் பார்த்தேனா, பார்த்துவிட்டு எழுதினேனா? கையெழுத்துப் பிரதியைப் பார்த்தாலும் தெரியவில்லை.]

5

கருணாகரனைக் கதையில் கொஞ்சம் அசடாகக் காட்டலாம் என்று இருந்தேன். அவர் விடவில்லை. ஆடி பிறந்த வாரத்தில் ஒருநாள் கையில் ரோத்தான் பிரம்புக் கூடையுடன் வந்து நின்றார். மேலே சாக்குத் துணி கட்டியிருந்தது. உள்ளே ஏதோ புரண்டது.

"கிள்ளான்லேருந்து கொண்டாந்தேன்" என்றார். "பஸ்ல ஒரே சத்தம். கோழின்னு சொல்லிட்டேன்."

காகம்!

சிரித்தேன். அழகம்மையும் சிரித்தாள். அந்த வேலியோரத்தில் மூன்று பேரும் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதலும் கடைசியும். ஒரு பெண்ணுக்காக மனுஷன் பூ வாங்கி வருவான், புடவை வாங்கி வருவான். இவர், இங்கே காகமே இல்லை என்று நான் சொன்னதைக் கேட்டு, ஆடி அமாவாசைக்கு அவள் மறுபடி போடப்போகும் இலைக்காகக் காக்கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு மரியாதை வந்தது.

சாக்கை அவிழ்த்தார். காகம் எழும்பி மதிலில் உட்கார்ந்தது. பழக்கிவிடலாம் என்று அழகம்மை கையளவு சோறு கொண்டுவந்து மதிலின் மறுகோடியில் வைத்தாள்.

அது சோற்றைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தது.

அப்போதுதான் கவனித்தேன், தோட்டத்தில் சத்தமே இல்லை. அணில் மரத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கொண்டைக்குருவி தொட்டியின் விளிம்பில் நனைந்த சிறகோடு அப்படியே நின்றது. காகம் தலையைச் சாய்த்து, நேராக்கி, சட்டையின் கழுத்து இருக்க வேண்டிய இடத்துக்குமேல், முகம் இருக்க வேண்டிய உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு பின்வாங்கி ரம்புத்தான் மரத்துக்குள் போய் மறைந்தது.

"பொம்மன்னு பயப்படுது" என்றார் கருணாகரன். "கொல்லையில நட்டு வைப்பாங்கல்ல, அதுமாரி. அந்தச் சட்டைய எடுத்துருங்க."

"குஞ்சு இருக்கு."

"சட்ட தொங்கறவரைக்கும் காக்கா எப்படிங்க எறங்கும்?"

"குஞ்சு இருக்குன்னு சொல்றேன்ல" என்றாள் அழகம்மை. அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். குருவிக்குஞ்சுக்காகச் சொன்னாளா புருஷனுக்காகச் சொன்னாளா என்று கருணாகரன் கேட்கவில்லை. வெறும் கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

6

காகம் போகவில்லை. அன்று முதல் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. கரைவதில்லை. கிளைக்குள் கறுப்பாக ஒன்று அசையும்போதுதான் அது இருப்பது தெரியும். காஜா பெராங்கிலேயே ஒரே ஒரு காகம், அதற்குக் காவலாக ஒரே ஒரு சட்டை.

நேற்றுக் குஞ்சுகள் பறந்துவிட்டன. ஒன்று கூட்டின் வாயிலில் வெகுநேரம் தயங்கியது. தாய் பப்பாளி மரத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அது பறந்ததும் நான் கைதட்டினேன். பாதித் தட்டலிலேயே கைகள் நின்றுவிட்டன. இனி சட்டையை எடுக்காமல் இருக்க ஒரு காரணமும் இல்லை. நாளைக்கு ஆடி அமாவாசை.

சாயங்காலம் அழகம்மை வேலிக்கு வந்தாள்.

"என்னப் பத்தி எழுதறியாமே? ஒங்க வீட்டுக்காரரு சொன்னாரு."

[அந்த மனிதரை என்ன செய்யலாம்?]

திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் செம்பருத்தி இலையைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள். "எப்படி முடிக்கப் போற?"

"தெரியல அக்கா."

"முடிச்சுட்டுச் சொல்லு. நீ எழுதற மாதிரி நான் செஞ்சுக்கறேன். எனக்கு முடியல சீதா. அந்தச் சட்டைய எடுத்தா நானே அவரக் கொன்ன மாதிரி இருக்கு. எடுக்காட்டி அந்த மனுசன் மொகத்தப் பாக்க முடியல. நீ எழுதிரு."

பேனா பிடித்தவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா?

7

எழுதிப் பார்த்தேன். அழகம்மை சட்டையை எடுத்து மடித்துப் பெட்டியில் வைக்கிறாள். காகம் இறங்குகிறது. ஊரெல்லாம் மெர்டேக்கா கொடி பறக்க, கருணாகரன் புது வேட்டியில் வருகிறார். மலருக்கு ஏற்ற முடிவு. ஆனால் "காகம் சோற்றை எடுத்தது" என்று எழுதும் கை, எங்கோ ஒரு காட்டில் மூச்சோடு இருக்கக்கூடியவனை முடித்துவிடுகிறது. சட்டை விஷயத்தில் என் பேனா செய்ததை நான் மறக்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

அடுத்ததில் சட்டை தொங்கிக்கொண்டே இருக்கிறது. மழை வருகிறது, நூல் இற்றுப்போகிறது, அழகம்மைக்குத் தலை நரைக்கிறது. இதை எழுத எனக்கு உரிமை கிடையாது. ஒரு பெண்ணை உயிரோடு கொடியில் காயப்போடுவதாகும். அதையும் கிழித்தேன்.

மூன்றாவதை நான் எழுத நினைக்கவே இல்லை. கை எழுதியது:

"ஆடி அமாவாசை அன்று காலை கொடியில் சட்டை இல்லை. யாரும் எடுக்கவில்லை. அழகம்மை மதிலில் இலை விரித்துவிட்டுத் திரும்பினாள். சாக்கடையோரம், உடும்பு வரும் வழியில், இடது கையைச் சற்றே மடக்கிக்கொண்டு, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு"

நிறுத்திவிட்டேன். அந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். அதைக் கிழிக்கவும் பயமாக இருக்கிறது.

8

இப்போது அமாவாசை உச்சிவேளை. நான் அடுக்களை மேசையில் இருக்கிறேன், தலை குனிந்திருக்கிறேன். சன்னல் திறந்திருக்கிறது. பாகற்காய்ப் பொரியல் வாசனை வருகிறது. இலை விரித்தாயிற்று. அவள் இன்னும் "கா" என்று கூப்பிடவில்லை. அணிலும் குருவியும் ஓய்ந்துவிட்டன. அந்த அமைதி எனக்குத் தெரியும்.

மரத்திலிருந்து ஏதோ இறங்கியது. சிறகு சத்தமாகத்தான் இருக்க வேண்டும். சாக்கடையோரம் சருகு மிதிபடுகிறது. உடும்பாகத்தான் இருக்க வேண்டும்.

நான் நிமிர்ந்தால் பார்ப்பேன். பார்த்தால் எழுதுவேன். எழுதினால் அதுதான் ஆகும். ஆகவே, இவ்வளவு தூரம் கூட வந்த நீங்கள் ஒரு உதவி செய்யுங்கள். நீங்கள் இதுவரை இந்தக் கதையில் ஒரு வரிகூட எழுதவில்லை, உங்கள் கண்ணுக்கு ஆபத்தில்லை. சன்னல் என் வலப்பக்கம். வேலி தாழ்வுதான், எல்லாம் தெரியும். கொடியைப் பாருங்கள்.

"சீதா" என்று அவள் கூப்பிடுகிறாள். "எழுதிட்டியா?"

சீக்கிரம் பாருங்கள். சட்டை இருக்கிறதா?