உடைக்கக் கூடாத தரை

மார்ச் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அது வடிந்தபோது, மரம் போல அச்சடித்த அட்டைத் தரை முழுவதும் ஊறிய ரொட்டியாக உப்பிக் கிடந்தது. அர்ஜென்டினாவின் துறைமுக ஊரான பாஹியா பிளாங்காவில் அந்த ஆண்டு பாதி ஊருக்கு இதே கதைதான். சுவர் காய மாதக்கணக்கில் ஆயிற்று. அக்டோபரில்தான் புதுத் தரை பற்றிப் பேசவே எங்களுக்குத் தெம்பு வந்தது.

என் மனைவி நொயெலியா தீர்மானமாக இருந்தாள். "தண்ணி பட்டாலும் அசையாத தரை வேணும், எசே. இன்னொரு தடவை வீட்டுத் தரையைத் தூக்கித் தெருவில போட என்னால ஆகாது."

வினைல் என்கிற பிளாஸ்டிக் தரை என்று முடிவாயிற்று. எந்த வினைல் என்பதுதான் பாக்கி.

உப்பிய அட்டையைப் பிடுங்கி எறிந்ததும் அடியில் ஒரு பழைய தரை தெரிந்தது. ஒரு அடிக்கு ஒரு அடி சதுர ஓடுகள். காப்பி நிறம், நடுவில் வெள்ளைக் கீற்று. கல்லும் இல்லை, மரமும் இல்லை. வீட்டை முதலில் கட்டியவர்கள் ஒட்டியதாக இருக்க வேண்டும். படுக்கையறைகளில் பல ஓடுகள் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றன. புதுத் தரை போட அடித்தளம் சமமாக இருக்க வேண்டும் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வியாழன், வெள்ளி விடுப்பு எடுத்தேன். துறைமுகத்தில் தானிய லாரிகளுக்கு எடை போடுகிற வேலை எனக்கு. நாள் முழுக்கக் கோதுமைத் தூசியைச் சுவாசிக்கிறவனுக்கு ஓட்டுத் தூசி எம்மாத்திரம்? கூட வேலை செய்கிறவனிடம் தேய்க்கும் மெஷினை இரவல் வாங்கி, இரண்டு படுக்கையறைகளிலும் ஓடுகளை உடைத்துப் பெயர்த்து, அடியில் இருந்த கறுப்புப் பசையையும் தேய்த்து எடுத்தேன். வேலை சுத்தமாக முடிந்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

சனிக்கிழமை காலை குழந்தைகளை நொயெலியாவின் தங்கை ரொமீனாவிடம் விட்டுவிட்டு இருவரும் கடைக்குப் போனோம். ஏழு வயது ஆயெலென், இரண்டு வயது சீரோ. ரொமீனா எங்கள் வீட்டிலேயே இருந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

தரைக்கடையில் யமீலா என்ற பெண் எங்களைக் கவனித்தாள். முப்பது வயதிருக்கும், சுறுசுறுப்பு, கொஞ்சம் வாய்த்துடுக்கு. ஒரு வினைல் பலகையை மேஜையில் வைத்துத் தன் வீட்டுச் சாவியால் பரபரவென்று கீறினாள்.

"பார்த்தீங்களா? ஒரு கோடுகூட விழல. மேல இருக்கிற படலம் அரை மில்லிமீட்டர். இதோ இது அதைவிட மெல்லிசு. ரெண்டும் அக்கா தங்கச்சி மாதிரிதான் இருக்கும். ஆனா மூணு வருஷத்துல இது உங்க மூஞ்சியைப் பார்த்துப் பல்லிளிக்கும்."

"எங்க வீட்ல நாற்காலியைத் தூக்கி வைக்கிற பழக்கமே கிடையாது. இழுக்கிறதுதான்," என்றாள் நொயெலியா என்னைப் பார்த்து.

"அப்போ தடிச்சதே வாங்கிக்குங்க. புருஷனை மாத்துறதைவிட தரையை மாத்துறது சுலபம்."

மூவரும் சிரித்தோம். பசை போட்டு ஒட்டுகிற வகை, ஒன்றோடொன்று கவ்விக்கொள்கிற வகை என்று யமீலா விளக்கினாள். அடித்தளம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நான் உற்சாகமாகக் கைபேசியை எடுத்துப் படுக்கையறையின் படத்தைக் காட்டினேன்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"வீடு எந்த வருஷம் கட்டினது?"

"அறுபத்தெட்டு."

"அடியில கறுப்புப் பசை இருந்துச்சா?"

"ஆமா. சனியன், லேசுல வரல. மெஷின் வச்சுத் தேய்ச்சுத்தான் எடுத்தேன்."

யமீலா கைபேசியை மேஜையில் வைத்தாள். அவள் குரல் தணிந்திருந்தது. "நான் சொல்றதைப் பதறாம கேளுங்க. அந்தக் காலத்து வினைல் ஓட்டுல நிறைய ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். பசையிலயும் இருக்கலாம். ஒட்டின ஓடு ஒட்டினபடி கிடந்தா ஒண்ணும் பண்ணாது. உடைச்சுத் தேய்ச்சாத்தான் தூசியாப் பறந்து நெஞ்சுக்குள்ள போகும், பின்னால புத்துநோய்கூட வரலாம். உங்க ஓட்டுல இருக்கான்னு எனக்குத் தெரியாது. சோதிச்சுப் பார்க்கிற வரைக்கும் இருக்குன்னே வச்சுக்குங்க. பெருக்காதீங்க. கதவைச் சாத்துங்க."

நொயெலியா அவளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். படத்தில் அறையின் நடுவே ஆயெலென் உட்கார்ந்திருந்தாள். முன்னால் சாம்பல் நிறத் தூசி மாவு போலப் படர்ந்திருந்தது. அதில் விரலால் தன் பெயரை எழுதிவிட்டு, கேமராவைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். தலைமுடியெல்லாம் வெளுத்திருந்தது.

"கதவைச் சாத்திட்டுத்தான் வேலை செஞ்சேன்னு சொன்னியே," என்றாள் நொயெலியா.

நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

வண்டியில் அவள் தங்கைக்கு மூன்று முறை அழைத்தாள். ரொமீனா எடுக்கவில்லை. அன்று காற்று வேறு. எங்கள் ஊரில் காற்றடிக்காத நாளே அபூர்வம். ஆனால் அன்றைய காற்று ஒவ்வொரு சிக்னலிலும் வண்டியை உலுக்கியது. வீட்டு ஜன்னல்களைக் காலையில் நான்தான் திறந்து வைத்துவிட்டு வந்திருந்தேன்.

கதவைத் திறந்தபோது பாட்டுச் சத்தம் கேட்டது. ரொமீனா தலையில் துண்டு கட்டிக்கொண்டு, எங்கள் படுக்கையறையைத் துடைப்பத்தால் வளைத்து வளைத்துப் பெருக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் தூசி புகையாக எழும்பி நின்றது. கூடத்தில் சீரோ குப்புறப் படுத்து ஒரு மரப் பொம்மைக் காரைத் தரையோடு தரையாக உருட்டிக்கொண்டிருந்தான்.

"வந்தாச்சா மச்சான்?" என்றாள் ரொமீனா. "ரெண்டு நாளாக் கிழிச்சியே, குப்பையை யார் அள்ளுவான்னு நினைச்சே? உன் கொழுந்தியா இல்லேன்னா இந்த வீடு…"

"கீழ போடு!" என்று நொயெலியா அலறினாள். அக்காவிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை ரொமீனா கேட்டதே இல்லை. துடைப்பம் கையிலிருந்து விழுந்தது. விழுந்த இடத்திலும் தூசி எழும்பியது.

எல்லோரையும் முற்றத்துக்கு இழுத்து வந்தோம். குழந்தைகளின் துணிகளைக் கழற்றி ஒரு பையில் திணித்துக் கட்டினேன். குழாய்த் தண்ணீர் ஐஸ் போல இருந்தது. சீரோ வீறிட்டு அழுதான். ஆயெலென் அழவில்லை. நான் அவள் தலைமுடியை அலசிக்கொண்டே இருந்தேன்.

"நான் என்னப்பா தப்பு செஞ்சேன்?"

"ஒண்ணும் இல்லடா கண்ணு. நீ ஒண்ணுமே செய்யல."

"அப்போ ஏன் இவ்ளோ நேரம் கழுவுறே?"

நான் குழாயை மூடினேன்.

அன்றே ரொமீனாவின் வீட்டுக்கு மாறினோம். அடுத்த நாள் நான் மட்டும் முகமூடி போட்டுக்கொண்டு போய், ஆய்வகத்தில் சொன்னபடி ஓட்டுத் துண்டை ஈரமாக்கி இரட்டைப் பையில் போட்டு எடுத்து வந்தேன். தலைநகர் புவெனஸ் அயர்ஸுக்கு அனுப்பினோம். முடிவு வரப் பதினொரு நாள் ஆயிற்று.

அந்தப் பதினொரு நாளில் இருமல் என்பது எவ்வளவு சாதாரணச் சத்தம் என்பதை மறந்தே போனேன். பால் புரையேறிச் சீரோ இருமினால் ஓடிப்போய் அவன் முதுகைத் தடவுவேன். ஆயெலென் பள்ளியிலிருந்து மூக்கொழுக வந்த அன்று, பருவம் மாறும் காலத்துச் சளிதான் என்று தெரிந்தும் நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டு உட்கார்ந்துகொண்டேன். எடை மேடையில் லாரி ஓட்டுநர்கள் நீட்டிய சீட்டுகளை வாங்காமல் பார்த்தபடியே நின்றேன்.

நொயெலியா திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. ஒரே குவளையில் எல்லோரும் மாறி மாறிக் குடிக்கும் மாத்தே மூலிகைத் தேநீரை ஊற்றித் தங்கைக்குக் கொடுத்தாள். என் முறை வந்தபோது குவளையை மேஜையில் வைத்தாள், கையில் கொடுக்கவில்லை. ஏழாம் நாள்தான் கேட்டாள்.

"ஆயெலெனை ஏன் உள்ள விட்டே?"

"தனியா இருந்தா. நான் பண்றதைப் பார்க்கணும்னு கேட்டா. தூசில பேரு எழுதலாம்னு நான்தான் சொன்னேன்."

அவள் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள். "உன் இடத்துல இருந்தா நானும் விட்டிருப்பேன்னு நினைச்சுக்கப் பார்க்கிறேன், எசே. முடியல."

முடிவு வந்தது. பசையில் இல்லை. ஓட்டில் இருந்தது.

நுரையீரல் மருத்துவர் ஒத்தெரோ பொறுமையான பெண்மணி. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வருஷக் கணக்கா இதுலயே வேலை செஞ்சவங்கதான் பெரும்பாலும் எங்ககிட்ட வர்றாங்க. ரெண்டு நாள் தூசிங்கறது அதோட ஒப்பிட்டா ரொம்பக் கம்மி. ஆபத்தும் கம்மி," என்றார்.

"இல்லவே இல்லைன்னு சொல்ல முடியாதா டாக்டர்?" என்று நொயெலியா கேட்டாள்.

"அப்படிச் சொன்னா அது பொய்."

"எக்ஸ்ரே எடுத்தா?"

"இப்போ எதுவும் தெரியாது. நோய் வந்தாலும் முப்பது, நாப்பது வருஷம் கழிச்சுத்தான் வரும். குழந்தைகளைப் போட்டுப் படம் பிடிச்சுப் பிடிச்சுப் பயமுறுத்தாதீங்க. அவங்க வளர்ந்து பெரியவங்களானதும் விஷயத்தைச் சொல்லுங்க. சிகரெட் தொடக்கூடாதுன்னும் சொல்லுங்க."

படியிறங்கும்போது நான் கணக்குப் போட்டேன். முப்பது வருஷம் கழித்து ஆயெலெனுக்கு முப்பத்தேழு. அவளுக்கு அந்த நோய் வருமா என்று தெரியாமலே நான் செத்துப்போகவும் கூடும். அந்த எண்ணம்தான் என்னை மிகவும் பயமுறுத்தியது.

வெள்ளைப் பாதுகாப்பு உடை போட்ட ஆட்கள் வந்து, ஜன்னல்களை மூடி ஒட்டி, இரண்டு படுக்கையறைகளையும் சுத்தம் செய்தார்கள். காற்றைச் சோதித்து, சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள். கூடத்திலும் சமையலறையிலும் ஓடுகள் அசையாமல் ஒட்டியிருந்ததால் தொட வேண்டாம், மூடிவிடுங்கள் என்றார்கள்.

மறுபடி யமீலாவின் கடை. எங்களைக் கண்டதும் அவள் எழுந்து வந்து நொயெலியாவைக் கட்டிக்கொண்டாள். இந்த முறை யாரும் சாவியால் கீறிப் பார்க்கவில்லை.

"ஒட்டுற வகை உங்களுக்கு வேணாம்," என்றாள். "என்னைக்காவது யாராவது அதைப் பிச்சா, பசையோட ஓடும் பேந்து வரும். கவ்வுற வகை போடுங்க. ஓட்டு மேல சும்மா படுத்திருக்கும், எடுத்தாலும் தனியா வரும். தரையில ஒரு ஆணிகூட இறக்கக்கூடாது. ஓரக்கட்டையைச் சுவத்துல ஒட்டுங்க."

"எவ்ளோ நாள் தாங்கும்?" என்று கேட்டேன்.

"இருபது, இருபத்தஞ்சு வருஷம்."

"அதைவிடத் தாங்குறது இல்லையா?" என்றாள் நொயெலியா. கடைகளிலும் அலுவலகங்களிலும் போடுகிற தடித்த வகை ஒன்று இருந்தது. ஒரே ஒரு நிறம்தான், மங்கிய சாம்பல். முன்பு அவள் பார்த்துவிட்டு, பிணவறை மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கியது. அதையே எடுத்துக்கொண்டோம்.

போடுகிற நாளில் நொயெலியா ஒரு தடித்த மார்க்கர் பேனாவோடு வந்து, கூடத்தின் நடுவில் மண்டியிட்டாள். பழைய ஓடுகளின் மேல் பெரிய எழுத்தில் எழுதினாள்: 'இந்த ஓட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது. உடைக்காதீர்கள். தேய்க்காதீர்கள். குழந்தைகளை வெளியே அனுப்புங்கள்.' கீழே தேதி.

"யார் படிக்கப் போறா?" என்றேன்.

"தரையைத் தூக்குறவங்க."

வாசலுக்குப் பக்கத்திலும் ஒருமுறை எழுதினாள், சமையலறையில் ஒருமுறை. மை காயும் வரை காத்திருந்தோம். பிறகு நான் முதல் பலகையைச் சுவரோரமாக வைத்தேன். அவள் அடுத்ததை எடுத்துக் கொடுத்தாள், என் கையில்.