நூற்று எண்பத்தாறு நார்மல்

மணிமாறனின் மகளுக்கு ஜாதகம் பொருந்தவில்லை. அதனால் வேடசந்தூர் பக்கத்து மில் ஒன்றின் நூற்று எண்பத்தாறு தொழிலாளிகளுடைய நெஞ்சுப் படங்கள் அழிந்து போயின. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் நான்தான்.

என் பெயர் முகமது யாசின். திண்டுக்கல்லில் பதினைந்து ஆஸ்பத்திரிகளுக்கும் லேபுகளுக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். அதில் ஒன்று தண்டாயுதபாணியின் எக்ஸ்ரே சென்டர். அவர் டாக்டர் இல்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கட்டடம் இருந்தது, என்ன வைத்தால் கூட்டம் வரும் என்று யோசித்து எக்ஸ்ரே மெஷின் வைத்தார், அவ்வளவுதான். மணிமாறன் அவருடைய மச்சினன், சென்டருக்கு மேனேஜர். படம் எடுப்பது அம்பிகா என்கிற டெக்னீஷியன். அதைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் மதுரையில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்டர்நெட் வழியாகப் பார்ப்பார்.

எக்ஸ்ரே படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இழுக்கிற சாஃப்ட்வேர் பழைய விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். அதை விற்ற கம்பெனியை மூடி ஏழு வருஷம் ஆகிறது. போன வருஷம் அந்தப் பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டபோது, எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடலாம் என்றேன். தண்டாயுதபாணி காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. சரி, அவரிடம் பேசிப் பயனில்லை என்று, புதுக் கம்ப்யூட்டர் ஒன்றில் விர்ச்சுவல் மெஷின் போட்டு அதற்குள் எக்ஸ்பியை ஏற்றிக் கொடுத்தேன். நிஜக் கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய்க் கம்ப்யூட்டர். திரையில் ஒரு ஜன்னல் திறக்கும், அதற்குள் பழைய கம்ப்யூட்டர் அப்படியே ஓடும்.

அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். மணிமாறன் வாயைப் பிளந்து பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

"இது பொம்மைக் கம்ப்யூட்டர் மாதிரி சார். உள்ள எந்த வைரஸ் வந்தாலும் உள்ளேயே கெடந்து சாகும். வெளிய வராது" என்றேன்.

பாதி உண்மை. எல்லா வாசலையும் அடைத்து வைத்தால்தான் அது உள்ளேயே சாகும். முதல் நாள் நான் அடைத்துத்தான் கொடுத்தேன். இன்டர்நெட் கிடையாது, பென்டிரைவ் கிடையாது, வெளிக் கம்ப்யூட்டரோடு பேச்சுவார்த்தையே கிடையாது. மூன்றாம் நாள் மணிமாறன் போன் செய்தார். ஒரு படத்தை வெளியே எடுக்க ஏழு தடவை கிளிக் செய்ய வேண்டியிருக்கிறதாம், கை வலிக்கிறதாம். நான் போய் ஒரு ஃபோல்டரை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக்கியிருக்க வேண்டும். அதற்கும் சோம்பல். படங்கள் சேர்ந்து கிடக்கிற மொத்த டி டிரைவையும் உள்ளே தெரிகிற மாதிரி திறந்து விட்டேன். பேக்கப் எடுக்கிற டிஸ்க்கும் அதே வழியில்தான் தெரிந்தது. அடுத்த வாரம் இன்டர்நெட்டும் பென்டிரைவும் கேட்டார், அவற்றையும் கொடுத்தேன். பேக்கப் டிஸ்க்கைச் சாயங்காலம் கழற்றி வையுங்கள் என்று சொன்னதோடு சரி. அது செருகிய இடத்திலேயே தூசி படிந்து கிடந்தது. நானும் போகும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

இந்த நிலையில் ஒரு புதனும் வியாழனும் மில் தொழிலாளிகளுக்கு மருத்துவ முகாம். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். பஞ்சுத் தூசியில் நிற்கிறவர்கள். மில் பஸ்ஸிலேயே சென்டருக்குக் கூட்டிவந்து நூற்று எண்பத்தாறு பேருக்கும் அம்பிகா எடுத்து முடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் மணிமாறனின் போன்.

"பாய், படமெல்லாம் இருக்கு. ஆனா தொறக்க மாட்டேங்குது. பேருக்குப் பின்னாடி என்னமோ வால் மாதிரி ஒட்டியிருக்கு."

போய்ப் பார்த்தேன். டி டிரைவில் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாப் படங்களையும் பூட்டிவிட்டு, பணம் அனுப்பினால் சாவி தருகிறோம் என்று இங்கிலீஷில் மரியாதையாக ஒரு கடிதம் வைத்திருந்தார்கள். பேக்கப் டிஸ்க்கிலும் அதே கடிதம். எங்கிருந்து வந்தது என்று தேட எக்ஸ்பியைத் திறந்தால், எக்ஸ்ரே சாஃப்ட்வேர் பக்கத்தில் ஒரு பிள்ளையார் படம். கீழே 'திருமணப் பொருத்தம்'.

"இது என்ன?"

"பழைய ஜாதக சாஃப்ட்வேர் பாய். புதுக் கம்ப்யூட்டர்ல ஓடாது, எக்ஸ்பியிலதான் ஓடும். நம்மகிட்டதான் எக்ஸ்பி இருக்கேன்னு நெட்டுல எறக்கினேன். சும்மாவே கெடைச்சுச்சு. ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டுப் போடணும்னு போட்டிருந்தான்."

"ஆஃப் பண்ணீங்களா?"

"பண்ணாம எப்படிப் போடுறது?"

மகளுக்கு மட்டும் நாற்பத்தொரு மாப்பிள்ளைகளின் ஜாதகம் பார்த்திருக்கிறார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. கால் ஒடிந்து படம் எடுக்க வந்தவர்களுக்கும் பொருத்தம் பார்த்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவரவர் பென்டிரைவில் கொண்டுவந்ததை எல்லாம் செருகியிருக்கிறார். கீபோர்டில் விபூதியும் வடை எண்ணெயும் சேர்ந்து பிசுபிசுத்தது. என் விரலில் ஒட்டியதைப் பேன்ட்டில் துடைத்தேன். போகவில்லை.

"மனுசன் நெஞ்சுப் படம் இருக்கிற மெஷின்ல இதச் செய்யலாமா?" என்று கேட்டேன்.

மணிமாறன் கொஞ்சமும் கூசவில்லை. "நீங்கதான பாய் சொன்னீக, உள்ள என்ன வந்தாலும் உள்ளேயே சாகும்னு."

அந்த ஆளை அறையலாம் என்று வந்த கை அப்படியே மடியில் கிடந்தது.

தண்டாயுதபாணி வந்தார். விஷயத்தைக் கேட்டார். அதிர்ச்சி எல்லாம் அடையவில்லை. டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"திங்கக்கெழம மில்லுல இன்ஸ்பெக்சன். அதுக்குள்ள ரிப்போர்ட்டு போயாகணும்."

"திரும்பக் கூப்பிட்டு எடுத்துரலாம் சார். ரெண்டு நாள்ல நான் மெஷினச் சரி பண்ணித் தாரேன்."

"திரும்பக் கூப்பிட்டா மில்லுக்காரன் ஏன்னு கேப்பான். அடுத்த வருசம் வேற சென்டருக்குப் போயிருவான். போன வருச ரிப்போர்ட்டு மெயில்ல கெடக்குல்ல? எல்லாம் நார்மல்தான. டாக்டர் கையெழுத்தும் அதுலயே இருக்கு. பேரையும் தேதியையும் மாத்து, போதும்."

நிலக்கடலை உருண்டையைக் கடித்துக்கொண்டே சொன்னார். பல்லிடுக்கில் மாட்டியதை நாக்கால் துழாவி எடுத்துத் தின்றார்.

வாசலில் நின்றிருந்த அம்பிகா உள்ளே வந்தாள். "சார், எல்லாம் நார்மல் இல்ல. ஒரு அம்மாவுக்கு மேல் நெஞ்சுல ஓட்டை மாதிரி தெரிஞ்சுச்சு. நான் பாத்தேன்."

"நீ டாக்டரா?"

"இல்ல சார். ஆனா ஒன்பது வருசமா..."

"டாக்டர் இல்லேன்னா வாய மூடு."

மூடிக்கொண்டாள். தண்டாயுதபாணி என் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

"வைரஸ உள்ள விட்ட கதவு நீ வச்சது, யாசின். இந்த ஊர்ல இன்னும் பதினாலு ஆஸ்பத்திரி உன்னைய நம்பி இருக்கு. நான் அவுககிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ இந்தச் சின்ன வேலைய முடிச்சுக் குடுத்துட்டுப் போ."

நான் உட்கார்ந்தேன். நியாயமாக இந்த இடத்தில் எழுந்து போனேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. மில் அனுப்பிய பெயர்ப் பட்டியலை ஒரு பக்கமும் போன வருஷ வாசகத்தை ஒரு பக்கமும் வைத்து, இருபது நிமிஷத்தில் முடித்தேன். நுரையீரல் தெளிவு. இதயம் இயல்பான அளவு. நார்மல். நூற்று எண்பத்தாறு தடவை. முதல் பக்கத்தில் பெயர் கோட்டை விட்டு விலகி நின்றது. அதைச் சரிசெய்து, நேராக வந்ததும் ஒரு சின்னத் திருப்தி வந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் இப்போதும் என் மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது அம்பிகா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அந்த அம்மா பேரு காளியம்மாள், அண்ணே. எரியோடு ஊருக்குப் போற மில் பஸ்ல வந்துச்சு. படம் எடுக்கிறப்ப சிரிக்கணுமான்னு கேட்டுச்சு."

அவள் சொல்லி முடிக்கவும் எழுபத்து மூன்றாவது தாள் வெளியே வரவும் சரியாக இருந்தது. எடுத்துப் பார்த்தேன். காளியம்மாள், வயது 38, நார்மல். மற்றவற்றோடு சேர்த்து அடுக்கினேன்.

அந்த மூன்று நாளும் வீட்டில் சோறு இறங்கவில்லை. எதைத் தொட்டாலும் அந்தப் பிசுபிசுப்பு இருப்பது போலவே பட்டது, சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதுரை டாக்டருக்குப் போன் செய்து, உங்கள் கையெழுத்தில் நீங்கள் பார்க்காத ரிப்போர்ட் போகிறது என்றேன். அவர், "நான் தண்டாயுதபாணிகிட்டப் பேசிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். என்ன பேசினாரோ, திங்கட்கிழமை காலையில் ரிப்போர்ட் கட்டு மில்லுக்குப் போய்விட்டது. அன்றைக்கே எல்லோர் கையிலும் கொடுத்துவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்பிகாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு எரியோடு போனேன். முகத்தை அடையாளம் காட்ட அவள் வேண்டும். இரண்டாம் ஷிப்ட்டுக்குப் போகும் மில் பஸ் நிறுத்தத்தில் நின்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. முன்பக்கம், டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் அந்த அம்மாள் இருந்தாள். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தாள்.

அம்பிகா கூப்பிட்டதும் அடையாளம் தெரிந்து சிரித்தாள். "படம் எடுத்த பிள்ளையா? செத்த நேரத்துல பஸ்ஸ எடுத்துருவாக. என்ன சேதி?"

"கொஞ்சம் எறங்கி வாங்கக்கா."

இறங்கி வந்தாள். நான்தான் சொல்ல வேண்டும்.

"அக்கா, உங்களுக்கு வந்த ரிப்போர்ட்ட நம்பாதீங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில போயி சளி டெஸ்ட்டும் படமும் எடுத்துருங்க. உடனே போங்க."

"ஏன்? நார்மல்னுல்ல போட்டிருக்கு." கைப்பையிலிருந்து எடுத்தே காட்டினாள். நான்காக மடித்து பிளாஸ்டிக் கவருக்குள் வைத்திருந்தாள். "ஒரு மாசமா இருமுது தம்பி. டிபியா இருக்குமோன்னு எங்க ஊரு நர்சம்மா சளி டப்பா குடுத்துச்சு. பயந்துக்கிட்டு சின்னவளத் தனியாப் படுக்க வச்சேன். ஏழு வயசு, ராவெல்லாம் அழுவா. நேத்து இந்தத் தாளு வந்துச்சு பாரு, டப்பாவத் தூக்கிப் போட்டுட்டேன். அவளயும் பக்கத்துல படுக்கப் போட்டுக்கிட்டேன்."

அம்பிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது நார்மல் இல்லக்கா" என்றேன். "உங்க படம் அழிஞ்சு போச்சு. டாக்டர் யாரும் பாக்கல. அத அடிச்சது நான்தான். பேர மட்டும் மாத்தி அடிச்சேன்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அம்பிகாவைப் பார்த்தாள். அம்பிகா தலையை ஆட்டி, "எனக்கு உங்க படத்துல சந்தேகம் இருந்துச்சுக்கா. அன்னைக்கே சொல்லியிருக்கணும். டிபின்னாலும் மருந்து இருக்கு, சரியாப் போயிரும். ஆனா இப்பவே போகணும்" என்றாள்.

காளியம்மாள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் இரண்டடி பின்னால் தள்ளி நின்று, வாயைத் தலைப்பால் மூடிக்கொண்டு யோசித்தாள். எங்களிடமிருந்து விலகுகிறாளா, எங்களுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று விலகுகிறாளா என்று தெரியவில்லை. அந்த நிமிஷம் என் உடம்பே எனக்கு அருவருப்பாக இருந்தது.

பிறகு ரிப்போர்ட்டைத் திருப்பிப் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினாள்.

"எழுதிக் குடு."

"என்னக்கா?"

"இது பொய்யின்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. வாயால சொல்லிட்டு நீ பாட்டுக்குப் போயிருவ. நார்மல்னு தாளு இருக்கிறப்ப சூப்பர்வைசர் எனக்கு ஆஸ்பத்திரிக்கு லீவு குடுப்பானா? நர்சம்மாகிட்ட நான் எதக் காட்டுறது?"

எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பதினைந்து ஆஸ்பத்திரியும் போகும். போலீஸ் வரை போகலாம். பைக் சீட்டில் தாளை வைத்தேன். இந்த ரிப்போர்ட் பொய், படம் வைரஸில் அழிந்துவிட்டது, டாக்டர் பார்க்காமலே நான் அடித்தது, திரும்பப் படம் எடுக்க வேண்டும் என்று எழுதினேன். முகமது யாசின் என்று முழுப் பெயரும் போன் நம்பரும் போட்டேன்.

அவள் எழுத்துக் கூட்டி முழுசாக வாசித்தாள். நம்பரைத் தன் போனில் அடித்துப் பார்த்தாள். என் சட்டைப் பையில் மணி அடித்த பிறகுதான் தாளை மடித்தாள்.

"இது எனக்கு மட்டுந்தானா?"

"இல்லக்கா. எல்லாருக்கும்."

அவள் பஸ்ஸின் பக்கம் திரும்பி அதைச் சத்தமாகச் சொன்னாள். ஒரு ஜன்னலிலிருந்து ஒரு கை தாளை நீட்டியது. பின்னாலிருந்து இன்னொன்று. அம்பிகா போய் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு வந்தாள். "நான் எழுதுறேன் அண்ணே, நீங்க கையெழுத்துப் போடுங்க" என்று பைக்குக்குப் பக்கத்தில் குனிந்தாள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, தன்னுடைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார்.