இடது பக்கம் ஓடும் கூடை

ஆஷ்கோம்ப் கிராமத்து வருடாந்தரச் சந்தையில் கூடை பின்னும் போட்டி என்றால் கோப்பை ஹெஸ்டர் பிராட்லிக்குத்தான் என்பது ஊரறிந்த சங்கதி. ஊர் அறியாத சங்கதி, கூடைகளைப் பின்னியதெல்லாம் அவள் கணவர் கிளெமென்ட் என்பது. கசாப்புக் கடை நடத்தி ஓய்ந்த மனிதர். தோட்டத்து ஷெட்டில் வில்லோ மரத்தின் மெல்லிய குச்சியை ஊறவைத்து உட்கார்ந்து பின்னுவது தெரிந்தால், பப்பில் கூட உட்கார்ந்து குடிக்கும் கூட்டாளிகள் சிரித்தே கொன்றுவிடுவார்கள் என்று பயம். அவருக்கு மானம், அவளுக்குக் கோப்பை. ஏற்பாடு வழுவழுவென்றுதான் ஓடியது.

எதிர்வீட்டு ஆட்ரி சும்மா இருந்தால்தானே. இந்த வருஷக் கூடையைத் தூக்கி, கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"ஏன் ஹெஸ்டர், நாமெல்லாம் இடமிருந்து வலமா பின்னுவோம். இது எதிர்ப்பக்கமா ஓடுதே? இடதுகைக்காரங்க வேலை மாதிரி இருக்கு. நீ டீ ஊத்துறது வலது கையாலதானே?"

"என் வீட்டுல டீ குடிக்கிறப்போ கையைத்தான் பார்த்துட்டு இருப்பியா?" என்றாள் ஹெஸ்டர். வாய் சிரித்தது, கை கூடையை வாங்கி மேஜையில் திருப்பி வைத்தது.

நடுவர் வெளியூர்க்காரர், நல்ல மனிதர். தொல்லையே அதுதான். "சந்தேகம் எதுக்கு? மேடம் இங்கேயே கொஞ்சம் பின்னிக் காட்டட்டுமே."

நாற்காலி வந்தது, ஈரக் குச்சிகள் வந்தன, ஐஸ்கிரீமை நக்கிக்கொண்டு கூட்டமும் வந்தது. ஹெஸ்டர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முனகினாள், பக்கத்தில் நின்ற கிளெமென்டை முழங்கையால் முன்னே தள்ளினாள்.

"காலையில ஜாம் பாத்திரத்தைத் தூக்கினதுல சுளுக்கிடுச்சு. இவருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன், இவர் பின்னட்டும். இடதுகைக்காரர். இவருக்குச் சொல்லிக் குடுத்தே எனக்கும் அந்தப் பக்கப் பழக்கம் ஒட்டிக்கிச்சு."

கிளெமென்ட் தன் கடையில் தொங்கிய மாட்டிறைச்சி நிறத்துக்கு மாறி, உட்கார்ந்தார்.

"இறுக்கிப் பிடி," என்றாள் ஹெஸ்டர். பிடித்திருந்தார். "அடுத்த குச்சியைச் சேரு." அது சேர்ந்து ஒரு சுற்றே முடிந்திருந்தது. அவள் கட்டளைகள் அவர் விரல்களுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடின.

பப் கூட்டாளிகள் முதலில் இளித்தார்கள். பிறகு நெருங்கி வந்து அவர் விரல்களைக் குனிந்து பார்த்தார்கள். "அடப்பாவி கிளெமென்ட், எங்க வீட்டுக்கும் ஒண்ணு பின்னிக் குடேன்," என்றான் ஒருவன்.

கோப்பை ஹெஸ்டருக்கு. சிறந்த மாணவருக்கென்று ஒரு நீல ரிப்பன் கிளெமென்டுக்கு. ஆட்ரி கைதட்டினாள், கை வலித்துவிடாத அளவுக்கு.

வீடு திரும்பும்போதும் ரிப்பன் அவர் கோட்டில்தான் இருந்தது.

"அடுத்த வருஷம் என் பேர்லயே கூடை வைக்கலாம்னு இருக்கேன்."

"வையேன், யாரு வேணாம்னா?" என்றவள் பாலத்தருகே நின்றுவிட்டாள். "அப்போ என் கூடையை யாரு பின்னுறது?"

"ஞாயித்துக்கிழமை ஷெட்டுக்கு வா," என்றார் கிளெமென்ட். "சொல்லித் தரேன்."