டிங்கர் கேட்ட ராக் ஆல்பம்

நசுங்கிய கார்களுக்கு ஒடுக்கெடுக்கும் டிங்கருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பட்டறையில் இருபது வருடம் கேட்ட ராக் ஆல்பம் அது. டேப் ரிக்கார்டர் உயிரை விட்டுவிட்டதால், மகள் அதே ஆல்பத்தைப் போனில் தேடிப் போட்டாள். பாடகன் நாய் துரத்துகிறவனைப் போல வேகவேகமாகப் பாடினான்.

“எவனோ போலி. என் ஆளு நிறுத்தி நிதானமாப் பாடுவான்.”

“அவரேதாம்ப்பா. உங்க டேப்புல பெல்ட் தேஞ்சிருக்கும், எல்லாமே மெதுவா ஓடியிருக்கும்.”

“இருபது வருஷமாவா?”

“வாங்கும்போதே பழசுதானே?”

ஐந்தாவது பாட்டைப் போடச் சொன்னார். மனைவி இறந்த மாதம் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் திரும்பத் திரும்பக் கேட்டது அதைத்தான். பாஷை புரியாவிட்டாலும், பாடுகிறவன் வீட்டிலும் சாவு விழுந்திருக்கிறது என்று அடித்துச் சொல்வார்.

போனில் அது துள்ளிக் குதித்தது. பட்டறைப் பெயிண்டர் ஸ்ப்ரே கன்னோடு இடுப்பை ஆட்டினான். “அண்ணே, இதுக்கா இத்தனை நாள் மூக்கைச் சிந்தினீங்க?”

“வாயை மூடுடா. என்னம்மா பாடுறான்? அர்த்தத்தைச் சொல்லு.”

மகள் தயங்கினாள். “புது பைக் வாங்கியிருக்கானாம்ப்பா. கடற்கரைக்குப் போறானாம். அவ்ளோதான்.”

டிங்கர் சுத்தியலை எடுத்து, ஒடுக்கே இல்லாத கார் கதவில் ஓங்கி ஒன்று வைத்தார். இப்போது ஒடுக்கு இருந்தது.

“பைக்கா? பாடினவனுக்கே பாட்டு விளங்கல,” என்றார். “நீ வேகத்தைக் குறைச்சுப் போடு.”