திரும்பி வந்த நாற்பத்தொரு படங்கள்

கதவுக்கு மேலே துளைத்த ஓட்டைக்குள் நீலக் கேபிளைத் தள்ளும்போது, கதிரையில் ஏறி நின்ற மசூரின் முகத்தில் சீமெந்துத் தூள் கொட்டியது. பாதித் தூள் அறைக்குள்ளும் விழுந்திருக்க வேண்டும். உள்ளே குர்ஆனில் யாசீன் ஓதிக்கொண்டிருந்த ஆமினா ராத்தாவின் குரல் நின்றது.

"மச்சான், இது நோயாளி படுத்திரிக்கிற அறையா, மேசன் வேல செய்யிற எடமா?"

"உடுங்க ராத்தா," என்றது இன்னொரு குரல், மெல்ல. "மூஞ்சில விழல்ல. கால்லதான் விழுந்த."

அது ஹாஜறா. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து மார்ச் மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அவள் அந்தக் கட்டிலில்தான் கிடந்தாள். வயிற்றில் தொடங்கியது ஈரலுக்கும் போய்விட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டொக்டர் அவள் புருஷன் மசூரை வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். பிள்ளையில்லாத வீடு. பக்கத்து வளவில் இருந்த ஹாஜறாவின் அக்கா ஆமினா தன் பாயையும் குர்ஆனையும் எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாள்.

அன்று காலை ஹாஜறாவுக்குக் கஞ்சித் தண்ணீர்கூட இறங்கவில்லை. அவளுடைய பாதம் குளிர்ந்திருப்பதை ராத்தா தொட்டுப் பார்த்துவிட்டு மசூரைப் பார்த்தாள். மசூர் கேபிள் சுருளை எடுத்துக்கொண்டு கதிரையில் ஏறிவிட்டான்.

அறையில் ஒரு டீவி இருந்தது. அதில் படம் பார்ப்பதுதான் ஹாஜறாவுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை. ஆனால் பழைய டிஸ்க் பிளேயர் இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை மக்கர் பண்ணும். அவளால் எழும்பித் தட்ட முடியாது. டீவியில் வருவதைப் பார்க்கலாமென்றால், வடக்கில் சண்டை முடிந்துவிட்டது என்பதைத் தவிர இரண்டு நாளாக எந்தச் சனலிலும் வேறொன்றும் இல்லை. கொடி, வெடி, பட்டாளம், திரும்பவும் கொடி.

"மாத்துங்க," என்றாள் ஹாஜறா. மாற்றினான். அங்கேயும் அதுதான். "மாத்துங்க." மூன்றாவது தடவை அவளே கண்ணை மூடிக்கொண்டாள்.

முன் ஹோலில் வாங்குப் பலகைக்குக் கீழே ஒரு கொம்பியூட்டர் இரைந்துகொண்டிருந்தது. ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் கழித்துவிட்டதை பாண்டிருப்பில் கொம்பியூட்டர் திருத்தும் குணம் எடுத்துத் தந்திருந்தான். பழைய ஹாட் டிஸ்க் இரண்டைப் பூட்டி, காசில்லாமல் கிடைக்கும் ஒரு சிஸ்டத்தைப் போட்டு, படமெல்லாம் இதில் இருக்கட்டும் நானா, கேபிள் இழுத்தால் எந்த அறையிலும் பார்க்கலாம் என்று விளங்கப்படுத்தியவனும் அவன்தான். அதன் காற்றாடிச் சத்தத்தில் ஹாஜறாவுக்கு உறக்கம் வராது. அதனால் பெட்டி ஹோலில், கேபிள் சுவருக்கு மேலால், அறையில் டீவிக்குப் பக்கத்தில் திரை உடைந்த ஒரு லெப்டொப். இதுதான் ஏற்பாடு. மூன்று கிழமையாக மசூர் இதையே செய்துகொண்டிருந்தான்.

அந்தப் பெட்டிக்குள் நாற்பத்தொரு படங்கள் இருந்தன.

ஒருகாலத்தில் மசூரிடம் ஆயிரத்துக்கு மேல் கெசட் இருந்தது. கல்முனைக்குடியில் கடற்கரைக்குப் போகும் வீதியில் வீடியோ வாடகைக் கடை. படம் எடுத்துக்கொடுப்பது அவன் வேலை, யாரிடம் எந்தப் படம் போனது என்று ஞாபகம் வைத்திருப்பது ஹாஜறாவின் வேலை. திருப்பித் தராதவனைச் சந்தையில் கண்டாலும் விடமாட்டாள். "வரிப்பத்தான்சேனையான், ரெண்டு மாசமாப் படத்த வெச்சிக்கிட்டு என்ன செய்யிறாய், அடைகாக்கிறியா?" என்று அந்த ஊர்க்காரன் ஒருவனை மீன் கடைக்கு முன்னால் மறித்துக் கேட்பாள்.

சுனாமியாய்க் கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார்கள். திரும்பிவந்தபோது கடை இருந்த இடத்தில் சீமெந்துப் படி மட்டும் இருந்தது. படியில் உட்கார்ந்து மசூர் அழுதான். ஹாஜறா அழவில்லை. ஊரில் எத்தனை வீட்டில் மையத்து இருக்கும்போது கெசட்டுக்கு அழுகிறீர்களே என்று கையைப் பிடித்து எழுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து ஒருவன் வந்தான். அதே வரிப்பத்தான்சேனையான். சீலைப் பையில் மூன்று கெசட். "தாறதுக்கு வெக்கமாத்தான் இருந்த, ராத்தா. இப்ப தராம இரிக்கிறதுதான் வெக்கம்," என்றான் ஹாஜறாவிடம். அவனுக்குப் பின்னால் சம்மாந்துறையிலிருந்தும் இறக்காமத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்த நல்ல வாடிக்கைக்காரர்களின் படமெல்லாம் கடலோடு போயிருந்தது. ஹாஜறா சந்தையில் ஏசிய ஆட்களிடம் இருந்தவை மட்டும் தப்பியிருந்தன. நாற்பத்தொன்று.

"அவங்கள நான் ஏசினதுக்கெல்லாம் அல்லாஹ் என்ன மன்னிக்கணும்," என்று அன்று சிரித்துச் சிரித்து அவளுக்கு மூச்சு வாங்கியது.

அந்த நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுத்தான் மசூர் கொம்பியூட்டருக்குள் ஏற்றியிருந்தான்.

கேபிளை மாட்டிவிட்டு லெப்டொப்பைத் தட்டினான். டீவியில் நீலத் திரை வந்தது. பெட்டியைத் தேடியது. இல்லை என்றது. மறுபடி தேடச் சொன்னான். மறுபடியும் இல்லை என்றது. குணத்துக்குப் போன் எடுத்தான். அடித்துக்கொண்டேயிருந்தது, எடுக்கவில்லை. நாலு தடவை எடுத்துப் பார்த்தான்.

"ராத்தா, நான் பாண்டிருப்புக்குப் போய் குணத்தக் கூட்டிக்கிட்டு வாறன்."

ஆமினா அவனை அறைக்கு வெளியே இழுத்தாள். "ஒங்களுக்குப் புத்தி இரிக்கா? ரோட்டுல வெடி கொழுத்துறானுகள். இவ இரிக்கிற இரிப்புக்கு, நீங்க போய் வாறத்துக்குள்ள... பக்கத்துல இரிங்க மச்சான். கலிமாவச் சொல்லிக் குடுங்க. படமா இப்ப வேணும்?"

அவள் சொன்னது சரி என்று அவனுக்குத் தெரிந்தது. கையில் கேபிள் இல்லாமல் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்படி இருப்பது என்றுதான் தெரியவில்லை.

"போகட்டும் ராத்தா," என்றாள் ஹாஜறா உள்ளேயிருந்து. எல்லாம் கேட்டிருக்கிறது. "இஞ்சாருங்க. கெதியா வந்திருங்க. நான் இரிப்பன்."

பிரதான வீதியில் கொடி கட்டிய ஓட்டோக்கள் போய்வந்துகொண்டிருந்தன. தமிழர் ஊரான பாண்டிருப்புக்குள் நுழைந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. ஒரு கடையும் திறக்கவில்லை. வாசல்களில் ஆளில்லை. குணத்தின் வீட்டுப் படலையைத் தட்டியபோது கதவு கொஞ்சமாகத் திறந்தது. குணம் நான்கு நாள் தாடியோடு நின்றான். பின்னால் ரேடியோ மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தது. அவன் மனைவியின் கண்கள் வீங்கியிருந்தன. மசூர் அதைக் கண்டான். கண்டும் ஒன்றும் கேட்கவில்லை.

"குணம், பெட்டியக் காட்டுதில்ல. ஹாஜறாக்கு... இண்டைக்குத்தான் போல இரிக்கி."

குணம் உள்ளே போய் ஒரு சிறிய பையுடன் வந்தான். போட்டிருந்த சேட்டைக்கூட மாற்றவில்லை. மசூரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டான்.

திரும்பும் வழியில் பட்டாளச் சாவடியில் மறித்தார்கள். அன்று அடையாள அட்டை கேட்கவில்லை. சிரித்த முகத்துடன் ஒரு பையன் வாழையிலைத் துண்டில் வெற்றிக்காக ஆக்கிய பால்சோறு நீட்டினான். மசூர் நன்றி சொல்லி வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். குணமும் வாங்கினான். வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் மசூர் பார்த்தான், பால்சோறு குணத்தின் கையில் அப்படியே இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். மசூர் அதை வாங்கி மதில்மேல் காகத்துக்கு வைத்தான். குணம் கிணற்றடியில் கை கழுவிவிட்டு உள்ளே வந்தான்.

ஹாஜறா இருந்தாள். சொன்னபடியே இருந்தாள்.

கேபிளின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான் குணம். "நானா, ரெண்டு வயர் இடம் மாறிக் கிடக்கு. வேறொண்டுமில்ல." முனையை நறுக்கி, எட்டு நிறக் கம்பிகளையும் விரலால் நேராக்கி, புதிய கொழுவியில் ஒவ்வொன்றாகச் செலுத்தி அழுத்தினான். ஒரு தடவை பிழையாகி, மறுபடி நறுக்கினான்.

டீவியில் எழுத்துகள் வரிசையாக வந்தன. நாற்பத்தொரு பெயர்கள்.

ஹாஜறா தலையணையில் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கட தொறந்தாச்சா?"

"ஓம் புள்ள, தொறந்தாச்சு," என்றான் மசூர். "என்ன படம் வேணும்?"

"பகிடிப் படம். வரிப்பத்தான்சேனையான் தந்தது."

அந்தப் படத்தில் ஒரு வீட்டில் இரண்டு மருமகன்மார் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே மாட்டை விற்கப் பார்ப்பார்கள். கடையில் இருந்த காலத்தில் முப்பது தடவையாவது அதைப் பார்த்திருப்பாள். இப்போதும் பகிடி வருவதற்கு முன்னமே அவள் உதடு சிரிக்க ஆயத்தமானது. குணம் கதவடியில் நின்று பார்த்துவிட்டு, ஹோலுக்குப் போய் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்துகொண்டான். ஆமினா ராத்தா டீவிக்கு முதுகு காட்டி ஓதினாள். மாடு ஜன்னலால் தலையை நீட்டும் இடத்தில் சத்தத்தைக் கேட்டு அவளும் திரும்பிப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது.

"சிரிங்க ராத்தா," என்றாள் ஹாஜறா. "பாவமில்ல."

"அஸ்தக்ஃபிருல்லாஹ்," என்றாள் ராத்தா சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

மசூர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஹாஜறாவின் பாதங்களைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். சூடு ஏறவில்லை. பள்ளியில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பாங்கு முடியும்வரை சத்தத்தைக் குறைத்தான்.

"கொஞ்சம் நிப்பாட்டி வைங்க," என்றாள் அவள். "தண்ணி."

படத்தை நிறுத்தினான். ராத்தா ஸம்ஸம் தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தாள். கரண்டியால் உதட்டில் விட்டான். முதல் கரண்டி இறங்கியது. இரண்டாவது கடைவாயால் வழிந்தது. ராத்தா குனிந்து அவள் காதருகில் கலிமாவைச் சொன்னாள். ஹாஜறாவின் உதடு அசைந்தது. சொன்னாளா, மூச்சு விட்டாளா என்று மசூருக்குப் பிரித்தறிய முடியவில்லை. அவன் கரண்டியை நீட்டியபடியே இருந்தான்.

"மச்சான்," என்றாள் ராத்தா. "வைங்க. அது போதும்." பிறகு குரல் உடைந்து, "இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்," என்றாள்.

டீவியில் மருமகன் ஒருவன் வாயைத் திறந்தபடி உறைந்துபோய் நின்றான். ராத்தா எழுந்து ஒரு துப்பட்டியால் டீவியை மூடினாள். ஹாஜறாவின் கண்களையும் மூடினாள். வெளியே யாரோ வெடி கொழுத்தினார்கள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மையத்தை எடுப்பதென்று முடிவாகியது. விடிந்ததும் பெண்கள் குளிப்பாட்ட அறைக்குள் போனார்கள். சம்மாந்துறையிலிருந்தும் வரிப்பத்தான்சேனையிலிருந்தும் ஆட்கள் வந்து ஹோலில் நிறைந்தார்கள். வாங்குக்குக் கீழே கொம்பியூட்டர் இன்னும் இரைந்துகொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை போல. மசூர் முழங்காலில் குந்தி, பொத்தானை அழுத்தினான். சுழற்சி மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. அதன் பிறகுதான் அறைக்குள்ளே தண்ணீர் வார்க்கும் சத்தம் கேட்டது.

பள்ளியில் தொழுவித்து, மையவாடியில் மூன்று பிடி மண் போட்டுவிட்டு வெளியே வந்தபோது, பள்ளி மதிலோரம் குணம் நின்றிருந்தான். நேற்றைய சேட்டுத்தான்.

"வீட்டுக்குப் போகல்லையா நீ?"

"போய் வந்தன் நானா."

இரண்டு பேரும் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். மையத்து வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பக்கத்து வீடுகளிலிருந்து, பலர் சேர்ந்து உண்ணும் பெரிய சகன் தட்டுகளில் சோறு வந்திருந்தது. வந்தவர்கள் வட்டம் வட்டமாக இருந்து சாப்பிட்டார்கள். மசூர் முற்றத்து வேம்புக்குக் கீழே பாயில் உட்கார்ந்தான். குணம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"நேத்து நான் கேக்கல்ல," என்றான் மசூர். "ஒன்ட வீட்டுல யாரு?"

குணம் மண்ணைப் பார்த்தான். "அக்கா. முல்லைத்தீவுப் பக்கம் கலியாணம் முடிச்சவ. ரெண்டு பிள்ள. சித்திரையிலயிருந்து ஒரு சேதியும் இல்ல."

"பேரென்ன?"

"செல்லத்தங்கம்."

மசூர் அந்தப் பெயரை ஒரு தடவை, சத்தமில்லாமல், வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். ஆமினா ராத்தா ஒரு சகனைக் கொண்டுவந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டுப் போனாள். வழக்கமில்லாதவனாக, எந்தப் பக்கத்தில் கை வைப்பதென்று குணம் தயங்கினான். மசூர் சோற்றுக்கு நடுவில் விரலால் கோடு போட்டு, பெரிய மீன் துண்டை அவன் பக்கம் தள்ளினான்.

"தின்னு," என்றான். "நேத்துலயிருந்து நீயும் ஒண்டும் தின்னல்ல."